இரும்புல சாப் (ரப்பர் முத்திரை) அடிக்கணுமா? சாப்ப கடைசியா வாங்குங்க

நான் மலேசியால, பினாங்குப் பக்கம் பிறைங்கிற ஊர்ல ஒரு சின்ன மெட்டல் பேக்டரில க்யூசி, அதாவது தரம் பாக்குற வேல, பாக்குறேன். பிராக்கெட்டு, பேஸ் பிளேட்டு, ஸ்டெயின்லெஸ் பைப்பு, இப்படி வர்ற சாமான ஒவ்வொன்னா அளந்து பாத்துட்டு பாஸ், ரிஜெக்ட், என் நம்பர், தேதின்னு மைல சாப் அடிக்கிறதுதான் வேலைல பாதி. சாப்னா என்னத்த பெருசா, டப்புன்னு அடிச்சா முடிஞ்சுச்சுன்னு நானும்தான் நெனச்சேன். வேலைக்குச் சேந்த புதுசுல ஆபீஸ் மேசைல இருந்த தேதி சாப்ப தூக்கிட்டு வந்து ஒரு லாட் முழுக்க அடிச்சுத் தள்ளிட்டேன், பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, மறுநாள் காலைல லோரில ஏத்துற அண்ணன் வந்து ரெண்டு கையயும் விரிச்சுக் காமிக்கிறாரு, பத்து விரலும் ஊதா கலரு. பிராக்கெட்டுல ஒன்னுமே இல்ல. எல்லாத்தயும் இறக்கித் தொடச்சு திரும்ப அடிச்சு முடிக்க ராத்திரி ஆயிருச்சு, ஓட்டி (ஓவர்டைம்) காசும் கெடைக்கல.

ஏன் அப்படி ஆச்சுன்னு அப்பறம்தான் புரிஞ்சுது. ஆபீஸ் மை தண்ணி மை, சாப்ப ஒத்துற மை பேடு சீக்கிரம் காயக்கூடாதுன்னு அதுல கிளிசரின், கிளைகால் மாதிரி ஏதாவது சேத்திருப்பாங்க. பேப்பர்ல அடிச்சா பேப்பர் குடிச்சுக்கும், அதனால காஞ்ச மாதிரி தெரியும், உண்மைல அது காயல, உள்ள போயிருச்சு அவ்ளோதான். இரும்பு எதையும் குடிக்காது. மை அப்படியே மேல உக்காந்திருக்கும், நாள் பூரா ஈரமா இருக்கும், யாராச்சும் தொட்டா அவங்க கூடவே போயிரும். அதனால மெட்டலுக்குன்னா ஸ்பிரிட்டு மாதிரி பறந்து போற மை வேணும், சால்வென்ட் மைன்னு சொல்லுவாங்க. அதுல இருக்குற சால்வென்ட் காத்துல போயிரும், கூட கரைஞ்சிருக்குற ரெசினும் கலரும் மெல்லிசா ஒரு தோல் மாதிரி இரும்பு மேல ஒட்டிக்கும். அந்தத் தோலுக்கும் இரும்புக்கும் நடுவுல எண்ணெய் இருந்தா கதை முடிஞ்சுது, அத கீழ சொல்றேன்.

எல்லாரும் மொதல்ல சாப் கடைக்கு ஓடிப்போயி அழகா ஒரு சாப் பண்ணிட்டு, அப்பறம் அதுக்கு மை தேடுவாங்க. தலைகீழா பண்ணுங்க. மொதல்ல உங்க சாமான் என்னன்னு பாருங்க, அதுக்கு மைய முடிவு பண்ணுங்க, அந்த மைக்குத் தாங்குற ரப்பர், அப்பறம் பேடு, கடைசியாத்தான் சாப்.

மை பொதுவா ரெண்டு விதமா கெடைக்கும். ஒன்னு ஆல்கஹால் வகை, கொஞ்சம் மெதுவா காயும், நாத்தம் கம்மி, புதுசா பழகுறவங்களுக்கு இதுதான் நல்லது. இன்னொன்னு கீட்டோன் வகை, அசிட்டோன், எம்இகே (மெத்தில் எத்தில் கீட்டோன்) இருக்குறது, ரொம்ப சீக்கிரம் காஞ்சிரும், கெட்டியாவும் புடிக்கும், ஆனா மை காயுற வேகத்துலயே பேடும் காயும், மூடிய தெறந்து வெச்சுட்டு ஒரு டீ குடிக்கப் போயிட்டு வந்தீங்கன்னா பேடு அப்பளம். கடைல கேக்குறப்ப ஜப்பான் ஷாச்சிஹாட்டாவோட டாட் மை, இல்ல கைவேலை பண்றவங்க வாங்குற ஸ்டேஸ்ஆன், இந்த மாதிரி பேரு கேட்டுப் பாருங்க. வேற பிராண்டும் எடுக்கலாம், பாட்டில்ல மெட்டல், கிளாஸ், பிளாஸ்டிக்குக்குன்னு போட்டிருக்கணும், அதான் முக்கியம். வெறும் பெர்மனென்ட்னு மட்டும் போட்டிருந்தா நம்பாதீங்க, அது பேப்பருக்கும் துணிக்கும் பெர்மனென்ட்டா இருக்கலாம்.

கலரு விஷயத்துல ஒன்னு. கறுப்பு இரும்பு, அதாவது மேல கருப்பா செதில் மாதிரி இருக்குற சூடா உருட்டுன பிளேட்டு, அதுல கருப்பு மை அடிச்சா யாருக்கும் தெரியாது, வெள்ளையோ மஞ்சளோதான் வேணும். வெள்ளை மைல கலரு பொடியா மெதக்கும், கொஞ்ச நேரம் வெச்சாலே அடில படிஞ்சிரும், அதனால பாட்டில நல்லா குலுக்கிட்டுத்தான் ஊத்தணும். வெள்ளைக்குத் தனி பேடு, தனி சாப், கலந்தீங்கன்னா ரெண்டும் சாம்பல்தான்.

ஸ்டெயின்லெஸ் பைப்பு பெரிய பிளான்ட்டு வேலைக்குப் போகுதுன்னா கிளோரைடு கம்மியான மையான்னு கேட்டு வாங்குங்க, ஏன்னா கிளோரைடுதான் 304, 316ன்னு வர்ற ரெண்டு ஸ்டெயின்லெஸ் வகைக்கும் எமன், ஊசி குத்துன மாதிரி ஓட்டை விழும், சில எடத்துல வெடிப்பும் வரும். இன்னொன்னு, சாமான் அப்பறமா பெயிண்டுக்குப் போகுதான்னு கேளுங்க. சாய மை மேல பெயிண்ட் அடிச்சா சில நேரம் கீழ இருந்து கலரு ஊறி மேல வந்துரும், வெள்ளை பெயிண்டுல பாஸ்னு பேய் மாதிரி தெரியும். அதுக்கெல்லாம் டேக் கட்டுறதுதான் மேல்.

ரப்பருக்கு வருவோம். பால் வெட்டுன குடும்பத்துல பொறந்துட்டு ரப்பரப் பத்தி இங்க வந்து கத்துக்கிட்டது எனக்கே சிரிப்புதான். ட்ரான்ஸ்பரன்டா ஜெல்லி மாதிரி இருக்குற பாலிமர் சாப் இருக்கே, சீப்பா பண்ணித் தருவாங்க, அது சால்வென்ட் மைக்கு ஆகாது, ஊறிப்போயி பிசுபிசுன்னு ஆயி எழுத்தெல்லாம் வீங்கிரும். நிஜ ரப்பர்தான் வேணும்னு சொல்லிக் கேளுங்க, லேசர்ல வெட்டுனதா இருந்தாலும் சரி, அச்சுல வேக வெச்சதா இருந்தாலும் சரி. நிஜ ரப்பர் ஆல்கஹாலயும் அசிட்டோனயும் ஓரளவு தாங்கும். ஆனா பெட்ரோல், மண்ணெண்ணெய், பெயிண்டு தின்னர் இதுல எல்லாம் ஊறி வீங்கும், அதனால சாப்ப தின்னர்ல கழுவுற ஆளுங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. நைட்ரைல் ரப்பர் நேர் எதிர், எண்ணெயத் தாங்கும், கீட்டோன தாங்காது. அதே காரணத்துக்காகத்தான் நீல கலர் நைட்ரைல் கிளவுஸ் போட்டுக்கிட்டு அசிட்டோன்ல கை வெச்சா கொஞ்ச நேரத்துல பிஞ்சிரும், நனைஞ்சா உடனே மாத்திருங்க.

எழுத்து தடிப்பா, சிம்பிளா இருக்கட்டும். நான் 3 மி.மீ. உயரத்துக்குக் கீழ பண்ண விடமாட்டேன், ஏன்னா 6, 8, 9 இதெல்லாம் நடுவுல மை அடைச்சு எது எதுன்னே தெரியாது. ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு ஸ்பான்ஜ் லேயர் வெக்கச் சொல்லுங்க. பேப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், இரும்பு கொடுக்காது, அந்தக் கொடுக்குற வேலைய ஸ்பான்ஜ்தான் பாக்கணும். தானா மை ஏத்திக்கிற பிளாஸ்டிக் சாப் இந்த மைக்கு வேணாம், பிளாஸ்டிக்கையும் உள்ள இருக்குற குட்டி பேடையும் சால்வென்ட் தின்னுரும். மரக் கட்டை சாப் போதும், பழசு மாதிரி இருக்கும், பரவால்ல.

பேடு, ஃபெல்ட்டு துணில செஞ்ச மை ஏத்தாத பேடு, தகர டப்பால வர்றது. ஸ்பான்ஜ் பேடு கரைஞ்சிரும். மைய வளைச்சு வளைச்சு கோடு மாதிரி ஊத்துங்க, பேடு ஓரத்துல தேங்குற அளவுக்கு வேணாம், மூடி போட்டு கொஞ்ச நேரம் விட்டா ஊறிக்கும்.

இப்ப தொடைக்கிற கதை. பத்துல எட்டு பேரு தோக்குறது இங்கதான், மைல இல்ல, இது என் அனுபவக் கணக்கு. மெஷின்ல இருந்து வர்ற சாமான்ல கட்டிங் ஆயில் இருக்கும், கடைல இருந்து வர்ற பிளேட்டுல துருப்புடிக்காம இருக்க ஒரு எண்ணெய் தடவியிருப்பாங்க, ஒன்னும் இல்லன்னாலும் நாம தொட்ட கை எண்ணெய் இருக்கும், மதியம் கறிக்குழம்பு ஊத்துன நாசி கண்டார் சோறு சாப்ட்ட கைன்னா கேக்கவே வேணாம். ரெண்டு துணி வெச்சுக்கோங்க. மொதல் துணில ஐபிஏ, அதாவது ஐசோபுரோபைல் ஆல்கஹால், நனைச்சு ஒரே பக்கமா தொடைங்க. ரெண்டாவது காஞ்ச சுத்தமான துணில அந்த ஈரம் பறக்குறதுக்குள்ள தொடச்சு எடுங்க. இது ஏன்னா, சால்வென்ட் எண்ணெயக் கரைக்கும், அவ்ளோதான், தூக்கிட்டுப் போகாது. அப்படியே காய விட்டா எண்ணெய் மெல்லிசா பரவி அங்கயே உக்காந்துக்கும், பளபளன்னு சுத்தமா தெரியும், சாப் மட்டும் நிக்காது. எண்ணெய் நெறைய இருந்தா மொதல்ல சோப்புத் தண்ணி, காய வெச்சு, அப்பறம் ஐபிஏ. பெயிண்டு அடிச்சது, பவுடர் கோட்டிங் பண்ணதுன்னா அசிட்டோன் கிட்டயே கொண்டு போகாதீங்க, ஐபிஏவே ஒரு ஓரத்துல தொட்டுப் பாத்துட்டுத்தான்.

சுத்தமாயிருச்சான்னு எப்படித் தெரியும்? வீணாப்போன ஒரு பீஸ அதே மாதிரி தொடச்சுட்டு மேல தண்ணி தெளிங்க. சேப்பங்கிழங்கு இலைல உருளுற மாதிரி முத்து முத்தா நின்னா இன்னும் எண்ணெய் இருக்கு, தண்ணி அப்படியே பரவி ஒரே தகடா நின்னா சுத்தம். காசு செலவில்லாத டெஸ்ட், எந்த ஊர்லயும் செய்யலாம்.

நம்ம ஊரு வெதருக்குன்னு தனியா ஒரு தொல்ல இருக்கு. ஏர்கான் ஸ்டோர்ல இருந்து பிளேட்ட வெளிய கொண்டு வந்த உடனே வேர்க்கும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக்கூட வேர்க்கும், அது மேல அடிச்சா மை திட்டுத் திட்டா வெளுத்து நிக்கும். வெளில ஒரு அரை மணி நேரம் வெச்சுட்டு அடிங்க. இதுக்கு நேர் எதிரா மத்தியானம் வெயில்ல கெடந்த பிளேட்டு கைய சுடும், அதுல சாப் படுறதுக்குள்ளயே மை காஞ்சு நூல் மாதிரி இழுக்கும். நிழல்ல, கை வெச்சா சாதாரணமா இருக்குற சூட்டுல அடிக்கணும், அவ்ளோதான்.

அடிக்கிறது. சாப்ப பேடுல ஒரே அமுக்கா அமுக்காம மூனு நாலு தடவ லேசா தட்டுங்க, ரப்பர் மேல பளபளப்பு இருக்கணும், குட்டை மாதிரி தேங்கக் கூடாது. தாமதிக்காம நேரா கீழ வெச்சு, ஒரு செகண்ட் லேசா அமுக்கி, நேரா தூக்குங்க. ஆட்டாதீங்க, தபால் ஆபீஸ் மாதிரி ஓங்கியும் அடிக்காதீங்க. பலமா அடிச்சா மை எழுத்தோட ஓரத்துக்கு ஓடிரும், நடுவுல வெறுமையா சுத்தி மட்டும் கோடா நிக்கும், இத பாத்துட்டு மை பத்தலன்னு நெனச்சு இன்னும் மை ஏத்தி இன்னும் பலமா அடிப்பாங்க, நானும் அடிச்சிருக்கேன். பைப்புன்னா சாப்ப மேசைல மல்லாத்தி நிறுத்தி பைப்ப அது மேல ஒரே ஓட்டமா உருட்டுங்க, சாப்ப பைப்பு மேல உருட்டுறதவிட கை நடுங்காது. ஒரே மாதிரி நூறு பீஸ் இருந்தா ரெண்டு ஆங்கிள் துண்ட எல் மாதிரி வெச்சு ஒட்டி கட்டைய அதுல சாத்தி அடிங்க, எல்லாம் ஒரே எடத்துல விழும். தப்பா விழுந்தா அது மேலயே திரும்ப அடிக்காதீங்க, ஐபிஏலயோ அந்த மையோட கிளீனர்லயோ முழுசா தொடச்சு, ரெண்டு துணி கதைய மறுபடி பண்ணிட்டு அடிங்க.

தொட்டா ஒட்டாம காயுறதுக்கு மையப் பொறுத்து சில செகண்டுல இருந்து அஞ்சு நிமிஷம் வரைக்கும் ஆகும். ஆனா அது மேலோட்டமா காஞ்சதுதான். உடனே அடுக்கி பிளாஸ்டிக் சுத்துனா உள்ள மிச்சம் இருக்குற சால்வென்ட் போக வழியில்லாம மை பிளாஸ்டிக்ல ஒட்டிக்கிட்டு வந்துரும். முடிஞ்சா ஒரு நாள் விடுங்க. மறுநாள் நகத்துல சுரண்டுங்க, டேப் ஒட்டி வெடுக்குனு பிச்சுப் பாருங்க, அந்த சாமான் எண்ணெய் பூசிப் போகுதுன்னா அதே எண்ணெயத் தடவி துணில தேச்சுப் பாருங்க. இத எல்லாம் ஒரு வீணாப்போன பீஸ்ல மொதல்லயே செஞ்சிருங்க, லோரில ஏத்துறப்ப இல்ல.

ஆபத்தையும் சொல்லிடுறேன். அசிட்டோன் மைனஸ் 20 டிகிரிலயே தீப்பிடிக்கிற ஆவிய விடும், ஐபிஏ கிட்டத்தட்ட 12 டிகிரில. பினாங்குல எந்த நாள் 12 டிகிரி இருந்துச்சு? அதனால பாட்டில் தெறந்தா எப்பவும் ஆவி இருக்குன்னே வெச்சுக்கோங்க. பக்கத்துல கிரைண்டர், வெல்டிங், சிகரெட் எதுவும் கூடாது, காத்தோட்டம் வேணும், தொடச்ச துணிய மூடி போட்ட தகர டின்ல போடணும், பாட்டில காருக்குள்ள வெச்சுட்டுப் போகக் கூடாது.

வேல முடிஞ்ச உடனே சாப்ப ஐபிஏ தொட்ட துணில ஒத்தி எடுத்து, பழைய டூத் பிரஷ்ல லேசா தேச்சு வெச்சிருங்க, ஊற வெக்க வேணாம். மை காஞ்சு போச்சுன்னா எழுத்துக்குள்ள கல்லு மாதிரி ஆயிரும்.

அப்பறம் தைப்பூசம் வர்றப்ப தண்ணிப்பந்தல் போடுற பசங்க வருசா வருசம் என்கிட்ட கேக்குறது, அண்ணே எங்க அண்டா எல்லாம் தண்ணீர்மலை முருகன் கோயில்ல அடுத்த பந்தல்காரங்களோட மாறிப்போயிடுது, உங்க சாப்ல பேரு அடிச்சுக் கொடுங்கன்னு. அண்டாவுக்கு இது ஆகாது தம்பி. அடுப்பு நெருப்புல சாதா மை கருகிப் போயிரும், சாப்பாடு படுற எடத்துல இந்த மைய வெக்கவே கூடாது. அம்மாங்க எவர்சில்வர் பாத்திரத்துல பண்ற மாதிரி மெஷின்ல பேரு வெட்டுங்க, வெளிப்பக்கம் கழுத்துக்குக் கீழ. மடக்கு மேசை காலு, அடுப்பு வெக்கிற ஸ்டாண்டோட சூடு படாத காலு, ட்ராலி, இதெல்லாம் கொண்டு வாங்க, நல்லா தொடச்சுட்டு வாங்க, அடிச்சுத் தர்றேன்.