தம்பதியாக நெடுந்தூரச் சைக்கிள் பயணம்: புறப்படும் முறையும் வழியில் உதவி பெறும் முறையும்

நானும் என் கணவரும் பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கிறோம். காசிமேட்டில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக நடக்கும் இலவச மாலை நேர வகுப்புக்கு நிதி திரட்டும் பொருட்டு, ஒரு ஜனவரி மாதத்தில் ராயபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி வரை, 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைப் பதின்மூன்று நாட்களில் சைக்கிளில் கடந்தோம். கால்களையும் வண்டியையும் ஆயத்தப்படுத்துவது பற்றி அனைவரும் பேசுகிறார்கள். முன்பின் அறியாதவரிடம் எப்படிக் கேட்பது, அவர் கொடுப்பதை எப்படி வாங்கிக்கொள்வது என்பதற்கும் அதே அளவு ஆயத்தம் தேவை என்பதைப் போன பிறகே அறிந்தோம். ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பணம் செல்லும் வழியைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பயணச் செலவு முழுவதும் உங்கள் சொந்தப் பணமாக இருக்கட்டும். நன்கொடை முழுவதும் நீங்கள் யாருக்காக நிதி திரட்டுகிறீர்களோ அந்த அமைப்பின் வங்கிக் கணக்குக்கு நேராகச் செல்லட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடையாது என்பதைப் பெருந்தொகை தருபவர்களிடம் முன்னரே சொல்லிவிடுவது நல்லது. வழியில் சிலர் சிறு தொகையைக் கையில் கொடுத்தே தீருவார்கள் என்பதால், அமைப்பின் முத்திரையிட்ட ரசீதுப் புத்தகம் ஒன்றை மழைக்காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். எங்கள் பையில் இருந்த பொருட்களில் டயர் பம்புக்கு அடுத்தபடியாக அதுவே பெரிதும் உதவியது.

காலத்தைப் பொறுத்தவரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பதால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடலாம். ஜனவரி, பிப்ரவரியில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசுவதால், தெற்கு நோக்கிச் செல்பவரின் முதுகை அது தள்ளிக் கொடுக்கும்.

பயிற்சியை மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். வடசென்னையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு: எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிப் பக்கத்திலும் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். லாரியின் முன்பக்க இடது மூலையில் நிற்கும் சைக்கிள் ஓட்டுநரின் கண்ணில் படாது. எனவே நின்றுகொண்டிருக்கும் லாரியாக இருந்தாலும் அதன் இடப்புறம் நுழைந்து முன்னேறவே கூடாது. நாங்கள் விடிகாலையில் கிளம்பித் திருவொற்றியூர் வரை சென்று திரும்புவோம். நம் பகுதி சமதளம் என்பதால் ஏற்றம் பழகுவதற்கு மேம்பாலங்கள்தாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மூலக்கடை மேம்பாலத்தில் ஐந்து முறை ஏறி இறங்கினோம்.

வண்டி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. கிராமத்துச் சைக்கிள் கடையில் பழுது பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். பந்தயச் சைக்கிள்களில் வரும் மெலிந்த வால்வுக்குச் சாதாரணப் பம்பின் வாய் பொருந்தாது. உங்கள் வண்டியில் அந்த வால்வு இருந்தால், அதற்கான சிறிய பித்தளை அடாப்டர் இரண்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்று டியூப் ஆளுக்கு இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருட்கள், ஒரு செட் பிரேக் கட்டை, செயின் எண்ணெய் ஆகியவை போதும். கடலோரச் சாலையில் உப்புக்காற்று செயினை விரைவில் துருப்பிடிக்க வைக்கும்; ஆகையால் தினமும் இரவில் துணியால் துடைத்து எண்ணெய் விட வேண்டும். சுமையை முதுகில் தூக்காதீர்கள். கேரியரின் இரு புறமும் தொங்கும் பைகளில் சம எடையாகப் பிரித்து வையுங்கள்.

இருவராகச் செல்லும்போது மெதுவாக மிதிப்பவரே முன்னால் செல்ல வேண்டும். முதல் நாள் என் கணவர் முன்னால் சென்றார். மாமல்லபுரத்தை அடைவதற்குள் நான் மூச்சு வாங்கிப்போய் அவரிடம் பேசவே மனமில்லாமல் இருந்தேன். மறுநாள் முதல் நான் முன்னால் சென்றேன், பிறகு எங்களுக்குள் சண்டையே வரவில்லை. நாளுக்கு 60 கிலோமீட்டர் என்பது நிதானமான கணக்கு. விடிந்ததும் தொடங்கிப் பதினொரு மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிட்டு, வெயிலில் நிழல் தேடி உட்கார்ந்துவிடலாம். ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து வைத்துக்கொண்டால் களைப்புக்கு உதவும்.

இனி உதவி கேட்பது பற்றி. தங்குவதற்கு இருட்டிய பிறகு இடம் தேடக் கூடாது, மாலை நான்கு மணிக்கே விசாரிக்கத் தொடங்க வேண்டும். “உங்கள் வீட்டில் தங்கலாமா?” என்று கேட்டால், முடியாது என்று சொல்ல நேர்பவருக்குத் தர்மசங்கடம். “இந்த ஊரில் பாதுகாப்பாகத் தங்க எங்கே இடம் கிடைக்கும்?” என்று தேநீர்க் கடையிலோ பள்ளியிலோ கோயில் அலுவலகத்திலோ கேளுங்கள். அழைக்க விருப்பமுள்ளவர் தாமாகவே அழைப்பார். அவ்வாறு அழைத்தால், அந்த வீட்டுப் பெண்களிடம் மனைவி முதலில் பேசி, அவர்களுக்கும் சம்மதமா என்று அறிந்த பிறகே உள்ளே செல்வது முறை. எங்கே தங்குகிறீர்கள் என்பதைச் சொந்த ஊரில் இருக்கும் ஒருவருக்குத் தினமும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மனத்துக்குச் சரியாகப் படாத அழைப்பை நன்றி சொல்லி மறுப்பதில் தவறே இல்லை.

மரக்காணத்தை ஒட்டிய உப்பளங்களுக்கு நடுவே என் பின்சக்கரம் பஞ்சரானது; மாற்று டியூப்பைப் போட்ட பிறகுதான் எங்கள் பம்ப் பழுதாகியிருப்பது தெரிந்தது. பாத்தி மிதித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கால் சேற்றுடன் கரையேறி வந்து, “இன்னாம்மா, வண்டி பஞ்சரா?” என்றார். தம் மகனைக் கூப்பிட்டுச் சக்கரத்தை டிவிஎஸ் எக்செல்லில் சைக்கிள் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் காற்றடித்ததுடன் நிற்காமல் பழைய டியூப்பையும் வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தைத் தேய்த்து, பசை தடவி, அது காயும் வரை ஊதிக்கொண்டே இருந்தாராம். கூலி வாங்க மறுத்துவிட்டார் என்று பையன் சொன்னான். எங்கள் பயணத்தின் நோக்கத்தைக் கேட்ட அந்த அம்மா, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். “வேணாங்க அக்கா, நீங்க வச்சிக்கோங்க” என்று என் கணவர் மறுத்ததும் அவர் முகம் வாடியது. “ஏன், நான் குடுத்தா புள்ளைங்களுக்கு ஆவாதா?” என்றார். உடனே வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தோம். தம் பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அதை மடித்து வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டோம்: கொடுப்பதை ஒருமுறைகூடத் தட்டிக்கழிக்காமல், தேவையான அளவு மட்டும் பெற்றுக்கொள்வது. சோறு போட்ட வீட்டில் பணத்தைத் திணிக்கக் கூடாது. வீட்டுப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமோ பழமோ வாங்கித் தரலாம். அவர்கள் அனுமதியின்றிப் படம் எடுத்து எங்கும் பகிரக் கூடாது.

மணமேல்குடிப் பக்கத்தில் நான் முன்னால் சைக்கிள் மிதித்து வருவதைக் கண்டு நடுவயதுப் பெண்கள் பலர் கையசைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தின் வழியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகிய புதுக்கோட்டை மாவட்டம் அது. ஓர் அக்கா என் வண்டியை வாங்கி ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டு, சீட் தாழ்ந்திருக்கிறது, பெடல் கீழே போகும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும் அளவுக்கு உயர்த்து என்று திருத்தினார். எனக்கிருந்த முழங்கால் வலி இரண்டே நாட்களில் குறைந்தது.

ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் கணக்கை முடித்து, நன்கொடை கொடுத்த அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள். சிறு தொகைகளையும் தனித்தனி வரியாகவே எழுதுங்கள். எங்கள் கணக்கில் மரக்காணத்துப் பத்து ரூபாய் நான்காவது வரியில் இருக்கிறது. தொலைபேசி இல்லாத அவருக்கு, வகுப்புப் பிள்ளைகள் தம் கையெழுத்தில் எழுதிய கடிதத்தை அந்தச் சைக்கிள் கடையின் முகவரிக்கு அனுப்பி வைத்தோம்.