கடதாசிப்பூவும் ரங்கூன் மல்லியும்: வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை திருகோணமலை உவர்மலையில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்த ஒரு தம்பி, தன் வளவை வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். கேற்றுக்கு மேலே வளைவாக ஓர் இரும்புக் குழாய்ப் பந்தல். அதன் இடது காலடியில் கடதாசிப்பூ, வலது காலடியில் ரங்கூன் மல்லி. மாலையானால் ஒரே ஹோஸ் இரண்டுக்கும் தண்ணீர் விடுகிறது. "மேலே போய் ரெண்டும் பின்னிக்கொண்டால் எவ்வளவு வடிவாயிருக்கும் அண்ணா!" என்றார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. 11 வருடங்களுக்கு முன் உப்புவெளியில் என் சொந்த வளவில் நான் செய்ததும் அச்சொட்டாக இதுதான்.

தொட்டிக்கு ஓட்டை வேண்டும், செடிக்கு வெயில் வேண்டும் என்பதையெல்லாம் கன்று விற்பவரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவதை மட்டும் எழுதுகிறேன்.

ஒரே பந்தல், ஒரே தண்ணீர்

கடதாசிப்பூ, அதாவது போகன்வில்லா, தாகம் எடுத்தால்தான் பூக்கும். இலைக்கும் தண்டுக்கும் இடையில் இருக்கும் சின்ன மொட்டைக் கவனித்துப் பாருங்கள். அதே மொட்டு முள்ளாகவும் மாறும், பூங்கொத்தாகவும் மாறும். நாள்தோறும் தண்ணீர் குடித்துக் கொழுத்த செடியில் அது முள்ளாகிறது. ஆள் உயரத்துக்குப் பச்சைத் தண்டு ஓடும், பூ இருக்காது. மண் காய்ந்து வளர்ச்சி நின்றதும் அதே செடி நுனிவரை பூக்கும். கச்சான் காற்று வீசி நிலம் வெடிக்கிற மாதங்களில் நிலாவெளி வீதியோரத்து மதில்களில் இது பற்றி எரிவதுபோல் பூத்துக் கிடப்பது அதனால்தான். யாரும் தண்ணீர் ஊற்றாத செடிகள் அவை.

ரங்கூன் மல்லி நேர் எதிர். மண்ணில் ஈரம் குறைந்தால் முதலில் மொட்டு உதிரும், பிறகு இலை மஞ்சளாகும். என் வளவில் காலூன்றிய கடதாசிப்பூவுக்குக் கோடையில் 10 நாளைக்கு ஒரு தரம்தான் தண்ணீர். ரங்கூன் மல்லிக்கு ஒன்றுவிட்ட ஒரு நாள். இரண்டையும் ஒரே குழாயில் கட்டினால் ஒன்று பூக்காது, அல்லது மற்றது வாடும். நடுவழி ஒன்று இருக்கும் என்று நானும் ஒரு வருடம் தேடினேன். இல்லை.

தண்ணீரோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டும் ஏறுகிற விதமே வேறு. கடதாசிப்பூ தானாகச் சுற்றிப் பிடிக்காது. சாய்ந்து, முள்ளை ஊன்றி நிற்கும். நாம்தான் கட்டிவிட வேண்டும். ரங்கூன் மல்லி முதலில் ஒரு புதர்போல அடக்கமாக நிற்கும். அந்த அடக்கத்தை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பிறகு நீண்ட கொடிகளை விடும். இலை உதிர்ந்தாலும் இலைக்காம்பின் அடி உதிராமல் காய்ந்து கொக்கிபோல ஆகும். அந்தக் கொக்கிகளால் கிடைத்ததையெல்லாம் பற்றிக்கொண்டு ஏறும். பக்கத்தில் போகன்வில்லா நின்றால் அதுதான் அதற்கு ஏணி.

என் பந்தலில் முதல் வருடம் இரண்டும் சமமாக நின்றன. இரண்டாம் வருடம் ரங்கூன் மல்லி வளைவைத் தாண்டியது. வாசலெல்லாம் வாசம், எனக்கும் பெரிய சந்தோசம். மூன்றாம் வருடம் ஏணி வைத்து மேலே பார்த்தேன். பச்சைப் போர்வைக்கு அடியில் கடதாசிப்பூ இலையே இல்லாமல் வெறும் தடியாக நின்றது. வெயில் படாத கொப்பு பிறகு எப்படித் துளிர்க்கும்? பிரித்தெடுக்கப் பார்த்தேன். ஒன்றை வெட்டி இழுத்தால் கொக்கி மாட்டி மற்றது கிழிந்தது. இரண்டு நாள் பாடுபட்டும் கை முழுக்கக் கீறல்தான் மிச்சம்.

அந்த மார்கழி வாடைக்காற்றோடு மழை பிடித்தது. அவ்வளவு இலையும் தண்ணீரைக் குடித்துக் கனத்து நிற்க, காற்று பாய்மரத்தில் மோதுவதுபோல் மோதியது. கடற்காற்றில் ஏற்கெனவே கறள் பிடித்திருந்த குழாய்க்கால் அடியோடு மடிந்து, பந்தல் கேற்றின்மேல் விழுந்தது. குழாய், ஒட்டுவேலை, கேற் திருத்தம் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய். மணிக்கட்டுப் பருமனுக்கு வந்துவிட்ட கடதாசிப்பூவை அடியோடு தறிக்க வேண்டியதாயிற்று. அதுதான் பணத்தைவிட வலித்தது.

இன்றும் சில இடங்களில் இந்த இரண்டையும் "சோடி" என்று சேர்த்து விற்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. வாங்குகிறவர் மூன்று வருடம் கழித்துத்தான் அனுபவிப்பார், விற்றவரிடம் திரும்பிப் போய்ச் சொல்லவும் மாட்டார்.

சரி, எங்கே வைப்பது? கடதாசிப்பூவைக் கேற்றடியில், மேற்கு வெயில் அடிக்கிற மதிலோரம், கல்லும் மணலுமான இடத்தில் வையுங்கள். ரங்கூன் மல்லியைக் கிணற்றடிப் பக்கம், ஈரம் தங்குகிற இடத்தில், தனிப் பந்தலில் விடுங்கள். அரை நிழலும் அதற்குப் போதும். நடுவில் 15 அடியாவது இருக்கட்டும். கடலோர வளவுகளில் ஆவணி நெருங்கக் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கத் தொடங்கும். கடதாசிப்பூ அதைப் பொறுத்துக்கொள்ளும். ரங்கூன் மல்லிக்கு இலை ஓரம் கருகும். அதனால் நடும்போதே குழியடியில் ஊறிய பொச்சுமட்டையைப் போட்டு, மேலே மாட்டெருவும் சருகும் மூடிவிடுங்கள். ஈரம் நின்று பிடிக்கும்.

பையை உரிக்கும்போது

பொலித்தீன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக் கன்றை எடுக்கும் பழக்கம் கத்தரிக்கும் மிளகாய்க்கும் சரி. போகன்வில்லாவின் வேர் நூல்போல மெல்லியது. மண்கட்டி உடைந்தால் வேரும் அதோடு அறும். இரண்டு கிழமையில் கன்று வாடிப்போகும், நட்டவரும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார். முதல் நாளே தண்ணீர் விட்டு மண்ணை இறுக விடுங்கள். பையின் அடியை பிளேட்டால் வெட்டி எடுத்துவிட்டு, பையோடு குழியில் இறக்குங்கள். சுற்றிவர மண் போட்ட பிறகு பக்கத்தைக் கீறிப் பையை மேலே உருவுங்கள்.

ரங்கூன் மல்லிக்கு இவ்வளவு பக்குவம் தேவையில்லை. தாய்ச்செடியைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பும் கன்றை ஒரு துண்டு வேரோடு தோண்டி வைத்தாலே பிடித்துவிடும்.

யூரியா

கடதாசிப்பூவுக்கு வேண்டாம்.

தீபாவளிக்கு முன் கத்தரிப்பது

வளவைத் துப்புரவாக்குகிற கையோடு எல்லாக் கொடியையும் வெட்டிவிடுகிறார்கள். இரண்டுமே புதுத் துளிரில்தான் பூக்கும், அதனால் வெட்டுவது பிழையில்லை. காலம்தான் பிழை. ஐப்பசியில் வெட்டிய கடதாசிப்பூ, அடுத்து வரும் மாரி மழையைக் குடித்துப் பூவில்லாத நீட்டுத் தண்டுகளாகத் தள்ளும். பொங்கல் கழியட்டும். மழை ஓய்ந்ததும் அந்த நீட்டுத் தண்டுகளைப் பாதிக்கு வெட்டுங்கள். அப்புறம் வருகிற குட்டைத் துளிர்கள் வெயிலோடு சேர்ந்து பூவாகும்.

ரங்கூன் மல்லியை ஒரு பூப்பு முடிந்த கையோடு வெட்டலாம். முழங்கால் உயரத்துக்குத் தறித்தாலும் திரும்பி வரும். பயப்படாதீர்கள்.

ரங்கூன் மல்லியை ஓட்டுக்கூரையில் ஏற்றுவது

கொடி ஓட்டுக்கு அடியில் நுழைந்து ஓட்டைக் கிளப்பும். மாரி மழை வீட்டுக்குள் வரும்.

வெள்ளைப் பூவைப் பார்த்துக் கன்றைப் பிடுங்குவது

சிவப்புப் பூவைப் பார்த்து ஆசைப்பட்டு என்னிடம் வாங்கிப் போன ஓர் அக்கா, ஒரு மாதம் கழித்து, "நீங்கள் தந்தது வேறு கன்று தம்பி, வெள்ளையாகப் பூத்தது, பிடுங்கிப் போட்டேன்" என்றார். அதே கன்றுதான். ரங்கூன் மல்லி பொழுது சாயும்போது வெள்ளையாக விரியும். வாசம் கூடுதலாக இருப்பதும் இரவில்தான், அந்துப்பூச்சிகள் அதைத் தேடி வரும். அடுத்த நாள் இளஞ்சிவப்பு. மூன்றாம் நாள் கடுஞ்சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும்.

இதன் பழைய தாவரவியல் பெயர் குவிஸ்குவாலிஸ். லத்தீனில் 'யார்? எத்தகையது?' என்று பொருள். இன்று கொம்பிரேட்டம் என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பழைய பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது.

கடதாசிப்பூவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது குழப்பம்தான். அதில் நாம் பூ என்று பார்க்கும் நிறம் உண்மையில் பூவைச் சுற்றிய இலைகள். நடுவில் இருக்கும் சின்ன வெளிர்க் குழல்கள்தான் பூ. இலை என்பதால் நிறம் கிழமைக்கணக்கில் நிற்கும். ரங்கூன் மல்லியில் நிறம் மாறுவது பூவேதான். முதல் பூ விரிந்ததும் கத்தியை எடுக்காமல் மூன்று நாள் பொறுங்கள்.