மனச்சோர்வு மாத்திரை: முதல் ஆறு வாரம்

பெரம்பூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "பத்து நாளா போடுறேன் அண்ணே, ஒண்ணும் தெரியலையே" என்று ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை அட்டையோடு திரும்பி வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நல்ல பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். மாத்திரை போட்டால் செரோட்டோனின் என்ற மூளை ரசாயனம் சில மணி நேரத்திலேயே கூடுகிறது; அப்புறம் ஏன் தாமதம்? எலிகளின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் வளர்ந்த பிறகும் புது நரம்பணுக்கள் பிறக்கின்றன. தொடர்ந்த உளைச்சலும், அப்போது சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் அதைக் குறைக்கின்றன, மாத்திரை கூட்டுகிறது. புது அணு முதிர்ந்து வேலைக்கு வர வாரக்கணக்காகும். 2003இல் வந்த ஓர் ஆய்வில், கதிர்வீச்சால் அந்தப் பிறப்பைத் தடுத்ததும் சுண்டெலிகளிடம் மருந்தின் பலனும் போய்விட்டது. மனிதர் கதை வேறு. பெரியவர்களுக்குப் புது அணு பிறக்கிறதா என்பதிலேயே 2018இல் இரண்டு ஆய்வுகள் நேரெதிராகப் பேசின. அதனால் 'மூளை வளர்க்கும்' டானிக் கேட்டு என்னிடம் வராதீர்கள்.

ஃப்ளூவாக்ஸெடினைப் பெரும்பாலும் காலையில்தான் எழுதுவார்கள். இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும். குமட்டினால் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், பெரும்பாலும் சில நாளில் அடங்கும். நடங்கள், முரசொலி மாறன் பூங்கா போதும். சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளுக்கும் புது அணுக்கள் கூடின.

சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். பராக்ஸெடின் என்ற இதே வகை மாத்திரையைத் திடீரென விட்டால் தலை சுற்றும், எரிச்சல் வரும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஆரம்ப வாரங்களில் படபடப்பு கூடினாலோ சாகத் தோன்றினாலோ, இளவயதினர் குறிப்பாக, அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு இரவிலும் பேசலாம், இலவசம்.