வில்சன் நோய்க்குப் பெனிசிலமைன்: வீட்டில் சரியாகச் சாப்பிடுவது எப்படி?

உடலில் மிஞ்சும் தாமிரத்தை ஈரலால் வெளியேற்ற முடியாமல், அது ஈரலிலும் மூளையிலும் தேங்குவதுதான் வில்சன் நோய். பெனிசிலமைன் அந்தத் தாமிரத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். 1956 முதல் இருக்கும் மருந்து. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலோ வேலூரிலோ மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் திரும்பும் குடும்பங்களுக்கு, வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகங்கள் வரும்.

1. தொடங்கும் முன். பென்சிலின் ஊசி முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கூடவே பி6 வைட்டமின் எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்கள். இந்த மருந்து அந்தச் சத்தைக் குறைக்கும்.

2. நேரம். முக்கியமானது இதுதான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தண்ணீரில் மட்டும் விழுங்க வேண்டும். சாப்பாட்டோடு போட்டால் மருந்து பாதியளவுதான் உடம்பில் சேரும். நம் வீடுகளில் பலர் தடுக்கி விழுவது காலை டீயில். பால் டீயும் உணவுக் கணக்கில்தான் வரும். காலை ஆறு மணிக்குக் கேப்சூல் என்றால் ஏழு மணிக்குத்தான் டீ, அப்புறம் களியோ இட்லியோ. பள்ளிவிட்டு வந்து ஐந்து மணிக்குப் பிள்ளை பலகாரம் சாப்பிட்டால், அடுத்த கேப்சூல் ஏழு மணிக்கு, இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு மேல். இது ஒரு மாதிரிதான்; எத்தனை வேளை என்பதை உங்கள் சீட்டைப் பார்த்து அமைத்துக்கொள்ளுங்கள்.

3. எதோடு சேரக்கூடாது. இரும்புச்சத்து, ஜிங்க், கால்சியம் மாத்திரைகள், நெஞ்செரிச்சலுக்கான மருந்து எல்லாவற்றுக்கும் இடைவெளி வேண்டும். இரும்புச்சத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம். பள்ளியில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். செம்புக் குடத்தில் ஊற்றிவைத்த தண்ணீர் நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள்; இந்தப் பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம். ஆட்டு ஈரல், முந்திரி, காளான், சாக்லேட்டையும் தவிர்க்க வேண்டும்.

4. ஒரு வேளை விட்டுப்போனால். அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

5. கவனிக்க வேண்டியவை. முதல் சில வாரங்களில் காய்ச்சல், உடம்பில் தடிப்பு வரலாம். பிறகும் தொண்டைவலி, வாய்ப்புண், காரணமில்லாத ரத்தக்கட்டு, நுரைத்த சிறுநீர், கால் வீக்கம் வந்தாலோ, கை நடுக்கமும் பேச்சுக் குழறலும் கூடினாலோ அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

6. நிறுத்தாதீர்கள். பிள்ளை தேறிவிட்டான் என்று தானாக நிறுத்தும் குடும்பங்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. நிறுத்தினால் தாமிரம் மறுபடி சேரும், ஈரலே செயலிழக்கலாம். சின்ன ஊர் மருந்துக்கடைகளில் இது எப்போதும் இருக்காது. டப்பாவில் இரண்டு வார மருந்து இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள். கர்ப்பமானாலும் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். அளவை அவர் மாற்றித் தருவார்.

7. கூடப் பிறந்தவர்கள். அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்வது நம் பக்கம் வழக்கம். வில்சன் நோயோ தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் குறை; உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் 4-ல் 1 வாய்ப்பு. நன்றாக ஓடியாடும் தங்கைக்கும் செருலோபிளாஸ்மின் (ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதம்) ரத்தப் பரிசோதனை, 24 மணி நேரச் சிறுநீரில் தாமிர அளவு, கண் பரிசோதனை மூன்றையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள்.