‘ஹொப்லொன்’: ஒரு சொல்லின் வேரைத் தேடும் முறை

பண்டைய கிரேக்கத்தில் ஆயுதத்தைக் குறித்த ‘ஹொப்லொன்’ என்னும் சொல்லின் வேரைத் தேடுபவர், அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிடாமல், ஹோமரின் காவியங்களில் அது கப்பற்கயிற்றையும் கொல்லரின் கருவிகளையும் சுட்டும் இடங்களை முதலில் திரட்ட வேண்டும். ‘கருவி’ என்னும் பொருளே மூத்தது எனக் கருத அவை இடமளிக்கின்றன.

அடுத்து, ‘கவனித்துச் செய்’ எனப் பொருள்படும் ‘ஹெபோ’ என்னும் கிரேக்க வினையையும் சமஸ்கிருதத்தின் ‘ஸப்’ வேரையும் ஒப்பிடுங்கள். சொல்முதல் ஸகரம் கிரேக்கத்தில் ஹகரமாவதற்கு, ஏழு என்னும் எண்ணைக் குறிக்கும் ‘ஸப்த’, ‘ஹெப்த’ என்னும் இணையே போதிய சான்று. ஒலி பொருந்தினாலும், ‘ஹொப்லொன்’ இவ்வேரிலிருந்து வந்தது என்னும் உறவை முடிந்த முடிபாக எழுதாமல் ‘இருக்கக்கூடும்’ என்று குறிப்பதே முறை.

பண்டைய கிரேக்கக் காலாட்படை வீரரான ஹொப்லைட்டின் பெயருக்கு, ‘ஹொப்லொன் என்றால் கேடயம், அதனால்தான் ஹொப்லைட் வீரர்’ என்று தரப்படும் விளக்கத்தை (எத்தனை முறைதான் இது திரும்பத் திரும்ப வருகிறது!) அப்படியே ஏற்காதீர்கள், கேடயத்தின் வழக்கமான பெயர் ‘அஸ்பிஸ்’.