முதல் விற்பனைக்கு ஒரு ஜாக்கெட் பேட்டர்ன் போதும்

தையல் தெரிந்தவர்கள் ஆன்லைனில் விற்க எடுத்த எடுப்பிலேயே வீடியோ கோர்ஸ் வேண்டாம். 36 இன்ச் அளவுக்கு ஒரே ஒரு ஜாக்கெட் பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான வரைபடம்), பிடிஎஃப்பாக இருந்தால் போதும்.

பேட்டர்ன் ஒரு ஏ4 தாளில் அடங்காது. துண்டுகளாகப் பிரித்து, ஒட்டவேண்டிய ஓரங்களில் அ, ஆ என்று குறியிடுங்கள். தையலுக்கு விடும் துணி சேர்த்த அளவா, சேர்க்காத அளவா என்பதையும் எழுதிவிடுங்கள்.

முக்கியமானது, முதல் பக்கத்தில் 5 செ.மீ. சதுரம். பிரிண்ட் எடுத்ததும் வாங்கியவர் அதை ஸ்கேல் வைத்து அளக்கட்டும். ஜெராக்ஸ் கடையில் 'ஃபிட் டு பேஜ்' போட்டு அது 4.8 ஆகச் சுருங்கினால், 36 இன்ச் ஜாக்கெட் ஏறக்குறைய 34½ ஆகிவிடும். அப்புறம் கொக்கி எங்கே மாட்டுவது? '100 சதவீதத்தில் பிரிண்ட் எடுக்கவும்' என்று சதுரத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

சரி, விற்பது எப்படி? 99 ரூபாய்ப் பொருளுக்கு, டிஜிட்டல் ஃபைல்களை விற்க உதவும் கம்ரோடு (Gumroad) போன்ற தளம் கட்டுப்படியாகாது. 10 சதவீதத்தோடு ஒவ்வொரு விற்பனைக்கும் 50 அமெரிக்க சென்ட் வேறு பிடிப்பார்கள். யுபிஐயில் பணம், வாட்ஸ்அப்பில் ஃபைல். முதல் பத்துப் பேருக்கு இதுவே தாராளம். தைத்த ஜாக்கெட்டின் போட்டோவை மட்டும் அவர்களிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.