ஸ்கீ ஆளை இழுக்கும்போது படகோட்டி செய்யக்கூடாதவை

இலங்கையின் பெந்தோட்டை ஆற்றில் நவம்பரில் சீசன் தொடங்கினால், நீர்ச்சறுக்கு செய்பவரை, அதாவது ஸ்கீ ஆளை, கயிற்றால் இழுக்கும் படகு ஓட்டப் பழகப் புதுப் பொடியன்கள் வருவார்கள். நாங்கள் பழகிய காலத்தில் வாங்கிய அதே திட்டுகளை இப்போது அவர்கள் வாங்குகிறார்கள். உயிர்காப்பு அங்கி, பெட்ரோல் அளவு போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும்.

பாதி த்ராட்டில்

இதைப் பார்த்தால் இன்னும் எனக்குக் கோபம் வரும். தண்ணீரில் இருப்பவர் புதியவர், பாவம், மெதுவாக இழுப்போம் என்று நினைத்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் நெம்புகோலான த்ராட்டிலைப் பாதியில் நிறுத்துவார்கள். இரக்கம் சரிதான். ஆனால் தண்ணீரில் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் கிடையாது.

மெதுவாகப் போகும் படகு தண்ணீரை ஒதுக்கிக்கொண்டுதான் நகரும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஓர் அலை எழும். வேகம் கூடக்கூட அந்த அலை நீளும். அலையின் நீளம் படகின் நீளத்தைத் தாண்டியதும் பின்பக்கம் பள்ளத்தில் இறங்கிவிடும், அணியம் மேலே தூக்கிக்கொள்ளும். நீர்மட்டத்தில் 16 அடி நீளமுள்ள படகுக்கு இது மணிக்கு 10 கிலோமீட்டர் வாக்கிலேயே தொடங்கிவிடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் படகு தான் கிளப்பிய அலையின் மேலேயே ஏற வேண்டும். எஞ்சினுக்கு உண்மையான வேலை அங்கேதான். ஏறிவிட்டால் அடியிலிருந்து தண்ணீர் படகைத் தாங்கும், அணியம் தாழும், பின்னால் எழும் அலையும் சிறுக்கும். அதன்பின் த்ராட்டிலைக் கொஞ்சம் குறைத்தாலும் படகு வழுக்கிக்கொண்டு ஓடும்.

கயிற்றின் மறுமுனையில் இருப்பவருக்கும் இதே கதைதான். குந்தியபடி இருக்கும் உடம்பு தண்ணீரை உழுதுகொண்டு வரும்போதுதான் கையில் இழுப்பு அதிகம். ஸ்கீ மேலே வந்துவிட்டால் இழுப்பு சட்டென்று குறையும். 1922இல் அமெரிக்காவின் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் முதன்முதலில் இப்படி நின்று காட்டியபோது, பீப்பாய்ப் பலகையும் பனிச்சறுக்கு ஸ்கீயும் அவரைத் தாங்கவில்லை; அகலமான பலகைகளைச் செய்த பிறகே நிற்க முடிந்தது. வேகம் குறைந்தால் தாங்குவதற்கு அவ்வளவு பரப்பு வேண்டும். நம் ஸ்கீயில் அது இல்லை.

பாதி த்ராட்டிலில் படகும் ஆளும் அந்த மேட்டிலேயே மாட்டிக்கொள்வார்கள். போன சீசனில் ஒரு அக்காவை இப்படித்தான் இழுத்தார்கள். ஒவ்வொரு முறையும் முகத்தில் தண்ணீர் அடித்து, மூக்கில் ஏறி, கயிற்றை விட்டார். ஓட்டிய பொடியனோ, "கையை மடக்காதீங்க அக்கா" என்று அவருக்கே பாடம் எடுத்தான். அவர் கை நேராகத்தான் இருந்தது. ஸ்டியரிங்கை நான் வாங்கி இழுத்ததும் எழுந்துவிட்டார். அதற்குள் அவர் தோள் வலி கண்டு, அன்றைக்கு இதோடு போதும் என்று கரையேறிவிட்டார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அணியம் தூக்கி நிற்கும்வரை ஓட்டுபவருக்கு முன்னால் எதுவும் தெரியாது. கண்டல் காட்டைப் பார்க்கப் போகும் படகுகளும் மீனவர் தோணிகளும் குறுக்கே வரும் ஆறு இது.

அதற்காக த்ராட்டிலை ஒரே அடியில் தள்ளுவதும் தவறு. 75 அடிக் கயிறு தொய்ந்து கிடக்கும்போது அப்படிச் செய்தால் கைப்பிடி பிய்த்துக்கொண்டு போகும். முதலில் கியரைப் போட்டு எடுத்து, கயிறு விறைக்கும்வரை நகருங்கள். அவர் "போ" என்றதும், இரண்டு மூன்று விநாடிக்குள் நிற்காமல் தள்ளுங்கள். ஆள் எழுந்ததும் குறையுங்கள். இரண்டு ஸ்கீயில் பழகும் பெரியவருக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் போதும், சிறுவருக்கு அதைவிடக் குறைவு. எஞ்சின் சிறியது என்றால், படகில் இருப்பவர்களை முன்பக்கம் உட்கார வையுங்கள். அணியம் சீக்கிரம் தாழும்.

கயிற்றைப் படகின் பின்மூலையில் கட்டுவது

படகு பின்பக்கத்தை வீசித்தான் திரும்பும். ஸ்கீ ஆள் பக்கவாட்டில் போய் மூலையை இழுத்தால், ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்காது. போட்டிப் படகுகளில் கயிறு கட்டும் கம்பத்தை எஞ்சினுக்கு முன்னால், படகின் நடுவில் வைப்பது இதனால்தான். எஞ்சினைப் பின்னால் வெளியே மாட்டிய நம் அவுட்போர்டு படகில் அது முடியாது. இரண்டு பக்க வளையத்திலிருந்தும் கயிறு எடுத்து, எஞ்சினுக்குப் பின்னால் நடுவில் சேருங்கள்.

விழுந்தவரிடம் வேகமாகச் சுற்றி வருவது

திரும்பும்போது கிளம்பும் அலை கரையில் மோதித் திரும்பி வந்து அடுத்த ஓட்டத்தைக் கெடுக்கும். வேகத்தைக் குறைத்து, படகு தாழ்ந்ததும் திருப்பி, போன தடத்திலேயே வாருங்கள். விழுந்தவர் எப்போதும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் வரட்டும், கண்ணில் படுவார்.

நியூட்ரலில் ஆளை ஏற்றுவது

ஆளை ஏற்றும்போது நியூட்ரல் போதாது, எஞ்சினை அணையுங்கள்.

பின்னால் பார்க்கக் கண்ணாடி இருக்கிறதே என்பது

கண்ணாடி போதாது, பின்னால் பார்க்கப் படகில் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் இழுக்க வேண்டாம்.

சைகையைப் பேசாமல் கிளம்புவது

கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, கழுத்தின் குறுக்கே கை என்றால் நிறுத்து. முதல் தடவை வருபவருக்கு இது தெரியாது. எழுந்து நின்ற சந்தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்துவார், நீங்கள் வேகத்தைக் கூட்டுவீர்கள். கரையிலேயே ஒரு முறை செய்துகாட்டி, அவரையும் செய்யச் சொல்லிப் பார்த்த பிறகு கயிற்றைக் கொடுங்கள்.